கிடப்பில் போட்டது யார்?
கடலோரச் சத்திரமும் துப்பறியும் கதையும்

(ரெட்டமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவாகக் கலசப்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துப்பறியும் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் மன்றத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் கவலைப்பட்டார்கள். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய தாத்தாவின் பெயரால் நடக்கும் கூட்டத்தில் கொலை, பங்களா, டார்ச் லைட் என்று பேசுவதா என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் நம்மிடையே எழுத வருகிற பிள்ளைகள் மர்மக் கதைகளை விரும்பிப் படிக்கிறார்கள், எழுதியும் பார்க்கிறார்கள். கடற்கரையில் ஒரு பழைய விடுதி, அங்கே பல ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு மரணம், இன்று அதைத் தோண்ட வருகிற ஒருவர். இப்படி எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “இது தலித் இலக்கியத்தில் சேருமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்தத் தலைப்பு.

கலசப்பாக்கத்தில் கடல் இல்லை, நமக்கு இருப்பது செய்யாறுதான். ஆனால் துப்பறியும் கதைக்கு நாம் அந்நியர் இல்லை. பட்டு நெய்யும் ஆரணியின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்திருந்த ஆரணி குப்புசாமி முதலியார்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் வாசகர்களைத் துப்பறியும் நாவலுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர். ஷெர்லக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். அவருக்கு முன்பே, 1894இல், பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவ விட்டுவிட்டார். பிறகு ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த் என்று வரிசை நீள்கிறது. இந்த வரிசையில் சேரியிலிருந்து வந்த துப்பறிவாளர் ஒருவரையாவது நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? சேரி ஆட்கள் வருவார்கள். எடுபிடியாக வருவார்கள், அடியாளாக வருவார்கள், பிணமாகவும் வருவார்கள்.

கடலோர விடுதி என்ற களம் இங்கிலாந்தில் வளர்ந்தது. அகதா கிறிஸ்டி டெவன் கரையோரத்துப் பர்க் தீவையும் அங்கிருந்த விடுதியையும் மனத்தில் வைத்து இரண்டு நாவல்கள் எழுதினார். முதல் நாவல் 1939இல் வந்தது. தீவு மாளிகையில் பத்துப் பேர், ஒவ்வொருவருக்கும் பின்னால் சட்டத்தின் கைக்கு எட்டாமல் போன ஒரு பழைய மரணம். உலகத்தில் மிக அதிகமாக விற்ற மர்ம நாவல்களில் ஒன்று அது. இங்கிலாந்தில் அது வெளிவந்தபோது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லே அதன் தலைப்பில் இருந்தது. அமெரிக்கப் பதிப்பில்தான் மாற்றினார்கள். நீதியைப் பற்றிய கதை, அட்டையிலேயே ஓர் அநீதியைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறது. நாவலைத் தூக்கிப்போடச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்தக் களத்தை நாம் எடுத்துக்கொள்ளும்போது அதனோடு சேர்ந்து எவையெல்லாம் வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

மூன்று நம்பிக்கைகள் சேர்ந்து வருகின்றன. விடுதியின் கதவு எல்லோருக்கும் திறக்கும் என்பது ஒன்று. பிணம் கிடந்தால் போலீஸ் துப்புத் துலக்கும் என்பது இரண்டாவது. கடைசி அத்தியாயத்தில் உண்மையைச் சொன்னால் எல்லோரும் அதை ஏற்பார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் நம் மண்ணில் வைத்து உரசிப் பார்ப்போம்.

முதலில் கதவு. கடலோர விடுதிக்கு நாம் டெவன் வரை போக வேண்டாம். தஞ்சை மாவட்டக் கடற்கரையில் ஓர் ஊருக்குப் பெயரே சேதுபாவாசத்திரம். தஞ்சை மராட்டியர் ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் சத்திரங்கள் நடத்தினார்கள். இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் பறையர் வரை எல்லாப் பயணிகளுக்கும் அங்கே சோறு போடப்படுகிறது என்கிறார். சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியாகவே கொடுப்பதாகவும் சொல்கிறார். இதைப் படித்ததும் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. பசித்தவருக்குச் சோறு கிடைத்தது நல்லதுதான். ஆனால் துப்பறிகிறவர் அந்தக் கடிதத்தை வேறு மாதிரி படிப்பார். பசியோடு வந்த பயணி சமைத்த சோற்றை ஏன் வேண்டாம் என்கிறார்? யார் சமைத்தால் யார் உண்ண மாட்டார்? ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு முனைகளைக் குறிப்பிட்டவர்கள் பந்தியில் எந்த முற்றத்தில் யாரை உட்கார வைத்தார்கள்? பெருமையாகச் சொல்லப்பட்ட வாக்கியத்துக்குள்ளேயே தடயம் கிடக்கிறது.

விடுதியின் பதிவேட்டை வைத்து எழுதப்பட்ட மிகக் கூர்மையான அனுபவக் குறிப்பு பாபாசாகேப் அம்பேத்கருடையது. ‘வெய்ட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறிய தன்வரலாற்று நூலில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வருகிறார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதி. பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்கிறார் காவலர். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித் தங்குகிறார். வேறு விருந்தினர் யாரும் இல்லை. மாடியில் இருட்டு, மங்கலான லாந்தர் விளக்கு, மூலையில் தட்டுமுட்டுச் சாமான்கள். பதினோராவது நாள் காலை, கையில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் மாடிப்படி ஏறி வருகிறார்கள். மர்மக் கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது: புனைபெயர், பாழடைந்த விடுதி, படியில் காலடி ஓசை. ஒன்று மட்டும் தலைகீழ். அங்கே கண்டுபிடிக்கப்பட்டது குற்றவாளி இல்லை, ஒரு மனிதரின் பிறப்பு. அன்று மாலைக்குள் வெளியேற வேண்டும் என்பது தீர்ப்பு. உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர் ஒரு பூங்காவில் துயரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கதவைத் திறக்க எத்தனை சாவி வேண்டியிருந்தது என்று பாருங்கள். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் மூன்று வகை இடங்களைச் சொன்னது. தெரு, கிணறு குளம், பொதுமக்கள் கூடும் இடங்களும் அலுவலகங்களும். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் அங்கே வரலாம், யாரும் தடுக்கக் கூடாது என்றது. அரசமைப்புச் சட்டம் 15, 17 ஆகிய பிரிவுகளில் அதையே நாட்டுக்கே சொன்னது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பயணிகள் தங்கும் இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அமெரிக்காவில் கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம் என்று சொல்வதற்கே விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு வழிகாட்டி வெளியிட வேண்டியிருந்தது. சட்டம் வந்துவிட்டது, கதவு திறந்துவிட்டது என்று நினைத்தால், நம் மாவட்டத்துத் தென்முடியனூரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் நுழைந்தார்கள். அதுவும் மாவட்ட ஆட்சியரும் போலீசும் உடன் நிற்க.

அடுத்தது போலீஸ். 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கு சென்னையைக் கலக்கியது. தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரை வரை போயிருந்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. போலீசும் மருத்துவர்களும் இரண்டையும் சேர்த்து, இறந்தவர் யாரென்று நிறுவி, குற்றவாளிகளைப் பிடித்து, மறு ஆண்டே தீர்ப்பும் வந்துவிட்டது. டி.என்.ஏ. சோதனை இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, சிசிடிவி இல்லை. அக்கறை இருந்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சான்று.

இப்போது 2003க்கு வாருங்கள். விருத்தாசலம் பக்கம், காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் ஜூலை 8 அன்று ஊரார் பார்க்க விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன. முருகேசன் தலித், பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர். யார் செய்தது என்பது அந்த வட்டாரத்தில் யாருக்கும் மர்மமாக இருக்கவில்லை. உள்ளூர்ப் போலீசோ தலித் தரப்பினரையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. வழக்கு சிபிஐக்குப் போக வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 24 அன்று, 18 ஆண்டுகள் கழித்து, கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இருவர் போலீஸ் அதிகாரிகள். தலித் தரப்பைச் சேர்ந்த இருவர் அன்றுதான் விடுவிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

ஆங்கிலத்தில் இத்தகைய வழக்குகளைக் ‘கோல்ட் கேஸ்’ என்கிறார்கள். சோறு ஆறுவது போல வழக்கும் தானாக ஆறிவிட்டது என்று நினைக்க வைக்கிற சொல் அது. தமிழில் நாம் அப்படிச் சொல்வதில்லை. “கிடப்பில் போட்டுவிட்டார்கள்” என்கிறோம். போட்டவர் ஒருவர் உண்டு என்பது அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது. காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் நின்ற ஜனங்களுக்கு நன்கு தெரிந்த சொல் அது. கொன்றது யார் என்று கேட்பது வழக்கமான மர்மக் கதை. கிடப்பில் போட்டது யார் என்பதையும் நாம் எழுதும் மர்மக் கதை சேர்த்துக் கேட்க வேண்டும். சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரையே குற்றவாளி ஆக்குகிறது. விதி 7 விசாரணை அதிகாரி டிஎஸ்பி நிலைக்குக் குறையக் கூடாது என்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கு இவை வறண்ட எண்களாகத் தோன்றலாம். எந்த இடத்தில் எந்தக் கை கோப்பை மூடியது என்று கண்டுபிடிக்க உதவும் சாவிகள் இவைதான்.

மூன்றாவது, கடைசி அத்தியாயம். பூட்டிய அறைக்குள் கொலை என்பது துப்பறியும் கதையில் ஒரு தனி வகை. கதவு உள்ளே தாழிட்டிருக்கும், கொலைகாரன் எப்படி வெளியே போனான் என்பது புதிர். தமிழகத்தில் நடந்த மிகக் கொடிய பூட்டிய அறைக் கொலை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்தது. ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், எரிந்து செத்தார்கள். அங்கே புதிர் எதுவும் இல்லை. கூலி உயர்வு கேட்டவர்கள் யார், அதை மறுத்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களைத் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலமும் காரும் வைத்திருக்கிற மனிதர்கள், வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பு பேசியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். துப்பறியும் கதையில் ‘அலிபி’ என்று ஒன்று உண்டு. “அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை” என்று சந்தேக நபர் காட்டும் சான்று. ரயில் டிக்கெட்டையோ சாட்சியையோ அவர் காட்ட வேண்டும். சாதிச் சமூகத்தில் மேலே இருப்பவருக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருடைய அந்தஸ்தே அலிபி. “அவர் சேரிக்குள் கால் வைப்பாரா?” முடிந்தது. எந்த விதி நம்மை ஒதுக்கி வைத்ததோ, அதே விதி குற்றவாளியைக் காப்பாற்றவும் வருகிறது. பாதிக்கப்பட்டவர் பக்கம் அது நேர்மாறாக வேலை செய்கிறது. வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தவை அதே தலித் தரப்பைச் சேர்ந்த மூவரின் பெயர்கள். சிபிஐ விசாரணை கேட்டு இயக்கங்கள் போராடின. வழக்கின் முடிவை நான் இங்கே சொல்லவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் தலித் மக்கள் ஏன் உடனே சந்தேகப்பட்டார்கள் என்பது விருத்தாசலம் வழக்கைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இலக்கியமும் சில நேரம் வழக்கைக் கிடப்பில் போடும். வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. நிலவுடைமையாளரின் ஆண்மைக் குறைபாட்டுக்குள் காரணத்தைத் தேடியதால், கூலியும் சாதியும் பின்னால் போய்விட்டன என்று அந்த நாவல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் இன்றும் செல்லும். மர்மக் கதை எழுதும் நம் பிள்ளைகளும் அதை நினைவில் வைக்க வேண்டும். குற்றவாளி ஒரு மனநோயாளி என்று முடித்துவிட்டால் ஊர் தப்பித்துவிடும்.

அப்படியானால் எப்படி எழுதுவது? ஒரு கதையை நாமே யோசித்துப் பார்ப்போம். கடற்கரையில் பழைய சத்திரம் ஒன்று. இன்று அதைப் பாரம்பரிய விடுதி ஆக்கியிருக்கிறார்கள், வாடகை ஆயிரக்கணக்கில். அங்கே அறை சுத்தம் செய்யும் இளம்பெண்ணின் பெரியம்மா, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே சத்திரத்தில் வாசல் கூட்டியவர். ஒரு நாள் காலை பிணமாகக் கிடந்தார். கோப்பில் இருப்பது ‘சந்தேக மரணம், கடலில் தவறி விழுந்து இறப்பு’. இப்போது சத்திரத்தின் பின்கட்டுக் கிணற்றைத் தூர் வாருகிறார்கள். பெரியம்மாவின் கால் கொலுசு ஒன்று சேற்றிலிருந்து வருகிறது.

இதில் துப்பு எங்கே இருக்கிறது? பிரேத விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தார் என்று கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். சேரியிலிருந்து ஒருவர்கூட இல்லை. வயிற்றில் இருந்தது உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா என்று யாரும் சோதிக்கவில்லை. ஏன் கிணறு என்று எழுதாமல் கடல் என்று எழுதினார்கள்? ஏனென்றால் அந்தக் கிணற்றடிக்குச் சேரிப் பெண் போகக் கூடாது. கிணறு என்று எழுதினால், போகக் கூடாத இடத்துக்கு அவளை யார் கொண்டுபோனார்கள் என்ற கேள்வி வரும். கடல் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் கேள்வியும் இல்லை. தீண்டாமை விதியே அலிபியாக நின்றிருக்கிறது. அந்த அலிபியை உடைக்கப் பெரிய மூளை வேண்டாம். அந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பது தெரிந்த ஒருவர் வேண்டும். சங்கர்லாலுக்கு அது தெரியாது. அறை கூட்டுகிற பெண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் வால்டர் மோஸ்லி 1990இல் எழுதிய ‘டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்’ நாவலில் வேலை இழந்த ஈஸி ராலின்ஸ் என்ற தொழிலாளியைத் துப்பறிவாளர் ஆக்கினார். வெள்ளையர்கள் நுழைய முடியாத இடங்களுக்கு அவரால் போக முடியும் என்பதே அவருக்குக் கிடைத்த வேலை. ஒதுக்கப்பட்டவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். வாசலும் தெரியும், கொல்லையும் தெரியும். அந்த அறிவுதான் நம் துப்பறிவாளரின் பூதக்கண்ணாடி.

எழுதுகிற தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். இறந்த பெண்ணை முதல் பக்கத்துப் பிணமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அவளுக்கு ஒரு கூலி இருந்தது, ஒரு கோபம் இருந்தது, யாரிடமோ கொடுத்துவைத்த சீட்டுப் பணம் இருந்தது. அடுத்து, கடைசி அத்தியாயத்தில் நல்ல கலெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து எல்லாவற்றையும் தீர்ப்பதாக எழுதாதீர்கள். நல்ல அதிகாரிகள் உண்டு, ஆனால் கோப்பை வெளியே இழுத்தவர்கள் பெரும்பாலும் 18 வருடம் நீதிமன்றப் படியேறிய குடும்பத்தார்தான். மூன்றாவது, பிறழ் சாட்சியைக் கோழையாக எழுதாதீர்கள். நாளைய வேலையும் வீட்டு வாசலும் எதிராளியின் கையில் இருக்கும்போது ஒருவர் கூண்டில் ஏறி “எனக்கு ஞாபகமில்லை” என்கிறார். அந்த வாக்கியத்தை வாங்கியது யார் என்பதும் துப்புத்தான்.

நெசவு தெரிந்த ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த இழை எது என்று தேடிப் பிணைக்க வேண்டும். பிணைக்காமல் மேலே நெய்தால் சேலை முழுக்க அந்தக் கோடு ஓடும். வாங்குகிறவர் கண்ணில் படாமல் மடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

மர்மக் கதை தலித் இலக்கியத்தில் சேருமா என்ற கேள்விக்கு என் பதில் இது: சேரும். கிடப்பில் கிடக்கிற ஒரு பெயரையாவது அது எடுத்து வெளியே வைத்தால் சேரும். எழுதும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் போய், இந்தப் பக்கத்தில் ‘தவறி விழுந்து’ செத்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். அவர்கள் பெயர்கள் சொல்வார்கள். முதல் தகவல் அறிக்கை கிடைக்குமா என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பழகுங்கள். 1924இல் தாத்தா சட்டமன்றத்தில் கேட்டது தெருவும் கிணறும் பொது இடமும். அந்த மூன்று இடங்களில் இன்னும் எழுதப்படாத கதைகள் நிறைய இருக்கின்றன. அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் உங்களில் ஒருவர் அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நான் கேட்க வருவேன்.